டேப்பில் எழுதாத பாதி

பேஸ் கிட்டாரில் ராக் பாட்டு வாசிக்க ஆசை, ஸ்டாஃப் நொட்டேஷன் படிக்கத் தெரியாது, டேப்லேச்சர் (சுருக்கமாக டேப், கம்பிக்கு ஒரு கோடு போட்டு எண்ணால் எழுதுவது) பார்த்துக் கற்றுக்கொள்ளலாமா என்று யார் கேட்டாலும் தாராளமாக என்றுதான் சொல்வேன். நானும் அப்படித்தான் கற்றேன், இன்னும் அப்படித்தான் கற்றுக்கொண்டிருக்கிறேன். ஆனால் கூடவே ஒன்றைச் சொல்லாமல் விடமாட்டேன். விரல் எங்கே போக வேண்டும் என்று டேப் சொல்லும், அதோடு சரி. எப்போது அடிக்க வேண்டும், அடித்ததை எவ்வளவு நேரம் ஒலிக்க விட வேண்டும், எந்த இடத்தில் நிறுத்த வேண்டும், இதெல்லாம் அதில் இருக்காது. பேஸ் வாசிப்பில் அந்த விடுபட்ட சமாசாரம்தான் பாதிக்கு மேல். அதைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

நம் ஊர்க் காதுக்குப் பேஸ் புதுசு இல்லை. இளையராஜா பாட்டுக் கேட்டு வளர்ந்த யாருக்கும், பாடகர் குரலுக்கு அடியில் இன்னொரு மெட்டு தனியாக ஓடிக்கொண்டிருக்கும் என்பது, அதை வாசிக்கிற வாத்தியத்தின் பெயர் தெரியாமலே பழகியிருக்கும். எனக்கும் அப்படித்தான். பின்னால் ராக் கேட்க ஆரம்பித்தபோது நண்பர்கள் எல்லாரும் கிட்டார் சோலோவைப் பற்றிப் பேசுவார்கள், என் காது மட்டும் கீழே போய் நிற்கும். அதனால் ஒரு நான்கு கம்பி பேஸ் வாங்கினேன், ஒரு சின்ன ஆம்ப், ஒரு ஹெட்ஃபோன். ஹெட்ஃபோனைச் சும்மா சொல்லவில்லை, அதற்குப் பின்னால் வருகிறேன்.

டேப் என்றால் என்னவென்று தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக: நான்கு கோடு, நான்கு கம்பி. மேல் கோடு ஜி, மெல்லிய கம்பி. அதற்குக் கீழே டி, அப்புறம் ஏ, அடிக்கோடு ஈ, இருப்பதிலேயே தடித்தது. வாத்தியத்தை மாட்டிக்கொண்டு நிற்கும்போது தடித்த கம்பிதான் நம் முகத்துக்குப் பக்கத்தில் இருக்கும் என்பதால் டேப் தலைகீழாக எழுதியிருப்பதாகத் தோன்றும். பேஸை மடியில் மல்லாத்தி வைத்துக் குனிந்து பாருங்கள், சரியாகப் பொருந்தும். கோட்டின் மேல் இருக்கும் எண் ஃப்ரெட்டின் எண், அதாவது கழுத்தில் குறுக்கே பதித்த உலோகப் பட்டைகளில் எத்தனையாவது என்பது. 0 என்றால் எதையும் அழுத்தாமல் வெறும் கம்பி. எக்ஸ் போட்டிருந்தால் கம்பியை அடக்கிப் பிடித்து 'டக்' என்று ஒரு தட்டு. எச் என்று இருந்தால் இடது கை விரலாலேயே சுத்தி மாதிரி இறக்குவது, பி என்றால் விரலை இழுத்து விடுவது, சாய்கோடு என்றால் வழுக்கிக்கொண்டு போவது. இவ்வளவுதான் இலக்கணம். ஒரு மாலைப் பொழுதில் பிடிபட்டுவிடும், அதனால்தான் எல்லாரும் இதைப் பிடித்துக்கொள்கிறார்கள்.

இது நேற்று முளைத்த முறையும் இல்லை. 1507-இலேயே வெனிஸில் பெத்ரூச்சி என்ற அச்சகக்காரர் லூட் என்ற பழைய ஐரோப்பியத் தந்தி வாத்தியத்துக்கு டேப்லேச்சர் புத்தகம் அச்சடித்திருக்கிறார். கோடு, கோட்டின் மேல் எண், பார்த்தால் நமக்கே புரிகிற மாதிரிதான் இருக்கும். ஆனால் அந்தப் புத்தகத்தில் கோடுகளுக்கு மேலே சின்னச் சின்னக் கொடி போலத் தாளக் குறிகள் வரிசையாக நிற்கும். எந்த நோட் எவ்வளவு நேரம் என்று அவை சொல்லும். ஐந்நூறு வருஷத்துக்கு முன்னால் டேப்பில் நேரம் இருந்தது. கணினியில் வெறும் கோடும் எண்ணுமாகத் தட்டித் தட்டி எல்லாரும் பகிர்ந்துகொள்ள ஆரம்பித்தபோது அது உதிர்ந்து போய்விட்டது, பாட்டைக் கேட்டவர்கள்தானே வாசிக்கப் போகிறார்கள், காதுக்குத் தெரியாதா என்ற நினைப்பில். கர்நாடக சங்கீதம் கற்றவர்கள் யோசித்துப் பாருங்கள். காற்புள்ளி, அரைப்புள்ளி, தாளக் கோடு எல்லாவற்றையும் அழித்துவிட்டு வெறும் ச ரி க ம மட்டும் எழுதிய ஒரு கீர்த்தனையை உங்கள் கையில் கொடுத்தால் அது எந்தப் பாட்டு என்றே பிடிபடாது.

சரி, பாட்டுக்கு வருவோம். பேஸ் எடுத்தவர்கள் அநேகமாக முதலில் வாசிப்பது 'செவன் நேஷன் ஆர்மி'யின் ரிஃப், அதாவது திரும்பத் திரும்ப வரும் சின்ன மெட்டு. தி ஒயிட் ஸ்ட்ரைப்ஸ் 2003-இல் வெளியிட்ட பாட்டு. இதில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம், அந்தப் பதிவில் ரிஃப்பை வாசிப்பது பேஸே இல்லை. அந்தக் குழுவில் ஜாக் ஒயிட், மெக் ஒயிட் என்று இரண்டே பேர், பேஸ் வாசிக்க ஆளே கிடையாது. ஜாக் ஒயிட் கிட்டாரை ஒரு பெடல் வழியாக ஒரு ஆக்டேவ் (ஸ்தாயி) கீழே இறக்கி வாசித்தார். இருந்தும் உலகம் முழுக்கப் பேஸ் பழகுகிறவர்களின் முதல் பாடம் அதுதான், பேஸில் அவ்வளவு அழகாக உட்காரும்.

டேப் இப்படி இருக்கும்:

ஜி |------------------------|
டி |------------------------|
ஏ |-7-----7-10-7-5-3----2---|
ஈ |------------------------|

ஏழு எண். பாட்டைக் கேட்காத ஒருவரிடம் இதைக் கொடுத்தால் ஏழையும் ஒரே அளவில் டொக் டொக் டொக் என்று அடிப்பார், அதில் பாட்டே இருக்காது. உண்மையில் நடப்பது வேறு. முதல் 7 ஒன்றரை பீட் (கால் தட்டும் தாள அடி) நீளம், நன்றாக நின்று ஒலிக்க வேண்டும். இரண்டாவது 7 அரை பீட், சட்டென்று. அதற்கப்புறம் வரும் 10, 7, 5 மூன்றும் சேர்ந்து இரண்டு பீட்டுக்குள் அடங்க வேண்டும். அங்கேதான் பாட்டு லேசாகத் தள்ளாடி நடக்கிற அழகு இருக்கிறது. இரண்டு பீட்டில் மூன்று நோட் என்பது கால் தட்டுவதோடு ஒத்துப்போகாது, காலைத் தட்டிக்கொண்டே கையை மட்டும் அதற்கு எதிராக விட வேண்டும். கடைசி 3, 2 இரண்டும் ஆளுக்கு இரண்டு பீட். டேப்பில் இது எதுவும் இல்லை, எண்களுக்கு இடையே விட்ட கோட்டின் நீளத்தை வைத்து ஊகிக்கலாம், அந்த நீளமும் எழுதியவரின் கை போன போக்குதான்.

அதே டேப்பில் இன்னொரு விஷயம். ஏ கம்பியின் 7-ஆவது ஃப்ரெட்டில் கிடைக்கிற ஈ நோட், டி கம்பியின் 2-ஆவது ஃப்ரெட்டிலும் கிடைக்கும், ஈ கம்பியின் 12-ஆவது ஃப்ரெட்டிலும் கிடைக்கும். மூன்றும் ஒரே சுருதி, கூடக் குறைய இல்லை. ஆகவே இந்த ரிஃப்பை டி கம்பியில் 2, 2, 5, 2, 0 என்று வாசித்துவிட்டு ஏ கம்பியில் 3, 2 என்று முடிக்கவும் முடியும். கை ஓடவே வேண்டாம், சுலபம். ஆனால் வாசித்துப் பாருங்கள். மெல்லிய கம்பியில் அது பளிச்சென்று, கொஞ்சம் பேச்சுக்குரல் மாதிரி வருகிறது. தடித்த கம்பியில் மேலே ஏறி அழுத்தும்போது உருண்டு திரண்டு கனமாக வருகிறது. இந்தப் பாட்டுக்கு இரண்டாவதுதான் பொருத்தம் என்பது என் கட்சி, அந்த 7-இலிருந்து 2 வரை கை இறங்கி வரும் தூரமே காதில் கேட்கும். டேப் எழுதுகிறவர் ஏதோ ஒரு இடத்தைத் தேர்ந்தெடுத்து எழுதிவிடுகிறார், நாமும் அதுதான் வேதம் என்று எடுத்துக்கொள்கிறோம். பாட்டை வாசித்தவர் எங்கே விரல் வைத்தார் என்று தெரிய வேண்டுமானால் மேடையில் வாசிக்கும் காணொளியைத் தேடி, பாடகரை விட்டுவிட்டு அவருடைய இடது கையை மட்டும் பாருங்கள். எவ்வளவோ சந்தேகம் அதில் தீரும்.

அடுத்து, என்னைப் பொறுத்தவரை பேஸ் என்றால் என்ன என்று புரியவைத்த பாட்டு. குயீன் குழுவின் 'அனதர் ஒன் பைட்ஸ் தி டஸ்ட்', 1980. எழுதியது ஜான் டீக்கன், அவர்களுடைய பேஸ் கலைஞர். தொடக்கம் ஈ கம்பியில் 5, 3, 0, அப்புறம் இன்னும் இரண்டு 0. இவ்வளவு சுலபமாக ஒரு டேப் இருக்க முடியுமா என்று தோன்றும். 5, 3 இரண்டும் முதல் பீட்டுக்கு முன்னாலேயே ஓடி வந்து விழ வேண்டும், மூன்று 0-வும் ஒன்று, இரண்டு, மூன்று என்று பீட்டின் மேலேயே உட்கார வேண்டும். இதுவரை சரி. இனிமேல்தான் விஷயம். ஒவ்வொரு 0-வும் குட்டையாக, நறுக்கென்று நிற்க வேண்டும். ஒன்றுக்கும் இரண்டுக்கும் நடுவில் சுத்தமான அமைதி. அந்த அமைதி இருந்தால்தான் டிரம்ஸ் தெரியும், அது இல்லாவிட்டால் எல்லாம் கலங்கிய தண்ணீர்தான்.

அந்த நறுக்கு எவ்வளவு கடினம் என்பது கையில் எடுத்தால்தான் புரியும். ஃப்ரெட்டில் அழுத்திய நோட்டை நிறுத்துவது லேசு, அழுத்தத்தை விட்டால் போதும், நின்றுவிடும். ஆனால் இது வெறும் கம்பி. விடுவதற்கு அங்கே விரலே இல்லை. அதே நோட்டை வேறு இடத்தில் அழுத்தி வாசிக்கலாமா என்றால் அதுவும் முடியாது, சாதாரண ட்யூனிங்கில் பேஸின் ஆகக் கீழ் நோட் அது, வேறு எங்கும் கிடைக்காது. அப்போது இரண்டு வழி. இடது கையின் விரல்களைத் தட்டையாக, அழுத்தாமல், கம்பியின் மேல் படுக்கவைத்து அடக்கலாம். அல்லது அடித்த வலது கை விரல்களில் அடுத்தது, அடிக்கிற நேரத்துக்கு முன்னாலேயே கம்பியில் வந்து உட்கார்ந்துவிடலாம். நான் இரண்டையும் சேர்த்துச் செய்கிறேன். இடது கை ஒரு விரலால் மட்டும் தொட்டால் சில இடங்களில் கம்பி நிற்பதற்குப் பதில் 'டிங்' என்று மெல்லிய ஒரு மணிச்சத்தம் கொடுக்கும், அது ஹார்மோனிக். அதனால் இரண்டு மூன்று விரலைச் சேர்த்து வையுங்கள். இதைப் பொறுமையாக, மெட்ரோனோமை (தாளம் தட்டிக் காட்டும் கருவி) நிமிஷத்துக்கு 70 பீட்டில் வைத்துக்கொண்டு, அந்த மூன்று 0-வை மட்டும் திரும்பத் திரும்ப வாசித்துப் பாருங்கள். பாட்டின் வேகம் கிட்டத்தட்ட 110. அங்கே போவதற்கு அவசரமே இல்லை.

சும்மா இருக்கும் மற்ற கம்பிகளும் இதில் சேர்த்தி. ஒரு கம்பியை அடித்தால் பக்கத்துக் கம்பி தானாக அதிர்ந்து முனகும். ஆம்ப்பில் சத்தம் கூடக் கூட அந்த முனகல் பெரிதாகிக்கொண்டே போகும். அதனால் வலது கைக் கட்டைவிரலை ஒரே இடத்தில், பிக்கப்பின் (கம்பிக்கு அடியில் அதிர்வைப் பிடிக்கும் காந்தப் பெட்டி) மேலேயே ஊன்றி வைக்காமல், ஏ கம்பியில் வாசிக்கும்போது ஈ கம்பியின் மேல், டி கம்பிக்குப் போனால் ஏ கம்பியின் மேல் என்று கூடவே நகர்த்திக்கொண்டு போகப் பழகுவது நல்லது. எந்த டேப்பும் இதைச் சொல்லாது. நோட்டை அடிக்கச் சொல்லும், அடிக்காத கம்பியை என்ன செய்வது என்று சொல்லாது.

இதற்கு நேர் எதிர்க் கோடியில் ஒரு பாட்டு, யூ2 குழுவின் 'வித் ஆர் வித்தவுட் யூ', 1987. டி, ஏ, பி, ஜி என்று நான்கே நோட், ஒவ்வொன்றும் ஒரு பார் (ஒரு தாளச் சுற்று), பாருக்கு எட்டு அடி, பாட்டு முழுக்க அதுவே சுற்றிச் சுற்றி வரும். டேப்பைப் பார்த்தால் படிக்கவே ஒன்றுமில்லை. ஆடம் கிளேட்டன் அதை வாசிப்பதைக் கேட்டுவிட்டு அதே எட்டு அடியை நீங்கள் அடித்துப் பதிவு செய்து கேளுங்கள். எட்டும் ஒரே கனத்தில் இருக்கிறதா, ஆள்காட்டி விரல் அடித்தது பலமாகவும் நடுவிரல் அடித்தது மெலிசாகவும் கேட்கிறதா, ஒரு பாரிலிருந்து அடுத்த பாருக்கு மாறும் இடத்தில் கண் இமைக்கிற நேரம் தாமதமாகிறதா, எல்லாம் அப்பட்டமாகத் தெரிந்துவிடும். ஒளிந்துகொள்ள இடமில்லாத பாட்டு. புதிதாக யார் வந்தாலும் இதை வாசியுங்கள் என்று சொல்லிவிடுவேன்.

அப்புறம் 'மணி'. பிங்க் ஃப்ளாய்ட், 1973. ராக் பேஸ் ரிஃப்களில் எனக்கு இதைவிடப் பிடித்தது இல்லை. டேப்பில் வரிசை இப்படி: ஏ கம்பியில் 2, ஜி கம்பியில் 4, டி கம்பியில் 4, மறுபடி ஏ கம்பியில் 2, ஈ கம்பியில் 2, பிறகு ஏ கம்பியில் 0, 2, 5. எட்டு நோட். ஆனால் பாரில் இருப்பது ஏழு பீட். பெரும்பாலான ராக் பாட்டு நான்கு நான்காகப் போகும், நம் காலும் அதற்கே பழகியிருக்கும், அதனால் இதை டேப் பார்த்து வாசிக்கிறவர்கள் கடைசி நோட்டுக்கு அப்புறம் தன்னையறியாமல் ஒரு பீட் காத்திருப்பார்கள். எட்டாக்கிவிடுவார்கள். பாட்டின் ஓட்டமே போய்விடும்.

நமக்கு இங்கே ஒரு பெரிய வசதி இருக்கிறது. ஏழு எண்ணுவது நமக்கு அந்நியம் இல்லை. தகிட தகதிமி, மூன்றும் நான்கும், மிஸ்ரம். இந்த ரிஃப் அதில் அச்சாக வந்து உட்காரும். 'தகிட'வில் முதல் பீட்டில் கீழ் ஆக்டேவின் பி, இரண்டாவது பீட்டில் மட்டும் இரண்டு நோட், மேல் ஆக்டேவுக்குத் தாவி அங்கிருந்து இறங்கி, கொஞ்சம் சாய்ந்தாற்போல, மூன்றாவது பீட்டில் மறுபடி பழைய பி. பிறகு 'தகதிமி' நான்கும் படிக்கட்டு ஏறுவதுபோல ஈ கம்பியின் 2, ஏ கம்பியின் 0, 2, 5. அவ்வளவுதான். வாயால் சொல்லிக்கொண்டே கையில் போட்டுப் பாருங்கள், தொடையில் தாளம் போட்டும் பாருங்கள், உடனே பிடிபடும். இன்னொரு உதவியும் பாட்டிலேயே இருக்கிறது. தொடக்கத்தில் காசு குலுங்குகிற சத்தம், காகிதம் கிழிகிற சத்தம், கல்லாப்பெட்டி சத்தம் எல்லாம் சுற்றிச் சுற்றி வருமே, அது சும்மா ஒரு அலங்காரம் இல்லை, பீட்டுக்கு ஒரு சத்தமாக ஏழு பீட் எண்ணிக் கொடுக்கிறது. சாக்ஸபோன் சோலோவும் ஏழிலேயே போகும். கிட்டார் சோலோ வரும்போது பாட்டு நான்குக்கு மாறி, முடிந்ததும் திரும்ப ஏழுக்கு வரும். அந்த மாற்றத்தை டேப்பில் தேடாமல் காதில் பிடியுங்கள். டிரம்ஸ் அந்த இடத்தில் சட்டென்று நேராக ஓட ஆரம்பிக்கும்.

ட்யூனிங் விஷயம் ஒன்று, பலரைத் திணறவைக்கிறது. டேப்பில் உள்ளபடி எல்லாம் சரியாக வாசித்தும் பாட்டோடு சேரவே மாட்டேன் என்கிறது என்றால் பெரும்பாலும் காரணம் இதுதான். கன்ஸ் அண்ட் ரோஸஸ் 1987-இல் வெளியிட்ட முதல் ஆல்பத்தில் வாத்தியங்களை அரை ஸ்வரம் இறக்கி வைத்திருந்தார்கள். நிர்வாணாவின் 'கம் ஆஸ் யூ ஆர்' முழு ஒரு ஸ்வரம் கீழே. ரேஜ் அகெய்ன்ஸ்ட் தி மெஷினின் 'கில்லிங் இன் தி நேம்' ஈ கம்பியை மட்டும் டி வரை இறக்கி வாசித்தது, அதில் அந்த ஒரு கம்பியின் எண்கள் மட்டும் இரண்டு தள்ளி வரும். டேப்பின் தலைப்பில் ட்யூனிங் எழுதியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். எழுதாமல் விட்டிருந்தால், பாட்டின் ஆகக் கீழ் நோட்டைக் காதால் பிடித்து உங்கள் ஈ கம்பியோடு ஒப்பிடுங்கள். அதற்கும் கீழே போனால் யாரோ கம்பியை இறக்கியிருக்கிறார்கள் என்று அர்த்தம்.

இப்போது ஹெட்ஃபோனுக்கு வருகிறேன். ஈ கம்பி வெறுமனே ஒலிக்கும்போது நொடிக்கு 41 அதிர்வு. ஏ கம்பி 55, டி 73, ஜி 98. கைபேசியின் ஸ்பீக்கர் இவ்வளவு கீழே எல்லாம் போகவே போகாது. மேலே உள்ள கிளை ஒலிகள்தான் அதில் கேட்கும், மூளை மிச்சத்தை ஊகித்துக்கொள்ளும். கைபேசியிலேயே பாட்டைப் போட்டு பேஸ் என்ன வாசிக்கிறது என்று கண்டுபிடிக்க முயன்றால் தலைவலிதான் மிச்சம். நல்ல ஹெட்ஃபோன் போட்டதும் அதே பாட்டில் பேஸ் தனி ஆளாக வந்து பக்கத்தில் நிற்கும். அடுக்குமாடி வீட்டில் இருப்பவர்களுக்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. இந்த 41 அதிர்வு ஒலியின் அலைநீளம் எட்டு மீட்டருக்கு மேல். சுவரும் கதவும் அதற்கு ஒரு பொருட்டே இல்லை, நமக்கு மெதுவாகக் கேட்கிறதே என்று நினைத்துக்கொண்டிருப்போம், கீழ்வீட்டில் பாத்திரம் அதிரும். ராத்திரி வாசிப்பதென்றால் ஹெட்ஃபோன்தான் மரியாதை.

டேப் சரியா தவறா என்று பார்ப்பதும் காதின் வேலைதான். பாட்டைப் பாதி வேகத்தில் ஓடவிடும் வசதி இப்போது எங்கும் இருக்கிறது. அதை வைத்துக்கொண்டு ஒவ்வொரு பாரின் முதல் நோட்டை மட்டும் சரிபாருங்கள். ராக் பாட்டில் கார்டு மாறும் இடத்தில் பேஸ் அநேகமாக அந்தக் கார்டின் (சேர்ந்து ஒலிக்கும் நோட்டுகள்) வேர் நோட்டில், அதாவது அதற்குப் பெயர் தரும் நோட்டில்தான் இறங்கும், கிட்டார் ஈ மைனர் போட்டால் பேஸ் ஈ-யில் நிற்கும். டேப் அங்கே ஒரு சம்பந்தமில்லாத நோட்டைக் காட்டினால் சந்தேகப்படுங்கள். அப்படியே நம்பி வாசிக்கவும் வேண்டாம், உடனே தவறு என்று தூக்கியெறியவும் வேண்டாம், நல்ல பேஸ் கலைஞர்கள் வேண்டுமென்றே வேர் நோட்டை விட்டு வேறு நோட்டில் நிற்பதும் உண்டு. அந்த ஒரு இடத்தைத் திருப்பித் திருப்பிக் கேட்டு, இரண்டையும் வாசித்துப் பார்த்து, எது பாட்டோடு கரைகிறது என்று முடிவு செய்யுங்கள். கரைந்தால் நம் பேஸ் சத்தமே தனியாகக் கேட்காது. தவறாக இருந்தால் ஒரு நடுக்கம், ஒரு உரசல் கேட்கும்.

கிட்டார் ப்ரோ மாதிரி மென்பொருள்களில் டேப்புக்கு மேலேயோ பக்கத்திலேயோ தாளக் குறியும் சேர்ந்தே வரும், அதுவே வாசித்தும் காட்டும். இலவசமாக வேண்டுமென்றால் டக்ஸ்கிட்டார் இருக்கிறது. வெறும் எழுத்து டேப்பைவிட இவை எவ்வளவோ மேல். ஆனால் திரையில் ஓடுகிற அந்தக் கோட்டைத் துரத்திக்கொண்டே வாசிக்கும்போது காது தூங்கிவிடுகிறது என்பது என் அபிப்பிராயம். திரை நின்றால் கையும் நிற்கும். ஒரு பகுதி விரலுக்குப் பழகியதும் திரையை அணைத்துவிட்டுப் பாட்டோடு மட்டும் வாசியுங்கள். மறந்தால் மறக்கட்டும், அந்த இடத்தை டிரம்ஸைக் கேட்டுக்கொண்டு சும்மா கடந்துவிட்டு அடுத்த பாரில் ஏறிக்கொள்ளுங்கள். நிறுத்தக் கூடாது, அது முக்கியம்.

கை வலிக்கிறது என்று நிறையப் பேர் சொல்வதால் இதையும் எழுதிவிடுகிறேன். சாதாரண கிட்டாரில் கம்பியின் நீளம் இருபத்தைந்தரை அங்குலம் அளவுக்கு இருக்கும், பேஸில் பொதுவாக 34 அங்குலம். 1951-இல் லியோ ஃபெண்டர் கொண்டுவந்த பிரிசிஷன் பேஸிலிருந்தே அதுதான் வழக்கம். இந்த நீளத்தில் நட்டிலிருந்து (கழுத்தின் தலைப்பக்கம் கம்பி தாங்கும் துண்டு) நான்காவது ஃப்ரெட் வரை ஏழு அங்குலம். விரலுக்கு ஒரு ஃப்ரெட் என்று எல்லாப் பாடமும் சொல்லும், ஆனால் அந்த அடி ஃப்ரெட்களில் நான்கு விரலை விரித்து வைத்துக்கொண்டே பாட்டு முழுக்க வாசிப்பது நம்மில் பலருடைய கைக்கு ஆகாது. டபுள் பேஸ் கலைஞர்கள் வெகு காலமாகச் செய்வதைச் செய்யுங்கள். அடி ஃப்ரெட்களில் ஆள்காட்டி, நடுவிரல், சுண்டுவிரல் மூன்றையும் வைத்து மூன்று ஃப்ரெட்டைச் சமாளிப்பது, மோதிர விரல் சுண்டுவிரலுக்குத் துணையாகக் கூடவே இறங்கும். ஐந்தாவது ஃப்ரெட்டுக்கு மேலே போனால் விரலுக்கு ஒன்று என்று வைத்துக்கொள்ளலாம். 30 அங்குல நீளத்தில் வரும் சின்ன பேஸ் வாங்குவதிலும் ஒரு குறையும் இல்லை. பால் மெக்கார்ட்னி பீட்டில்ஸ் காலத்தில் வாசித்த அந்த வயலின் வடிவ ஹாஃப்னர் அந்த ரகம்தான். மணிக்கட்டில் வலி வந்தால் அன்றைக்கு நிறுத்திவிடுங்கள், வலியோடு வாசிக்க வேண்டிய பாட்டு ஒன்றும் கிடையாது.

வலது கையைப் பற்றி டேப் வாயே திறக்காது. எந்த விரல், விரலா பிக்கா (கம்பியை மீட்டும் சின்னத் தகடு), பாலத்துக்குப் (கம்பியின் மறுமுனை தாங்கும் பகுதி) பக்கத்திலா கழுத்துக்குப் பக்கத்திலா, எதுவும் இருக்காது. மோட்டவுன் என்ற அமெரிக்க இசை நிறுவனத்தின் பாட்டுகளில் பேஸ் வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சன் வலது கையில் ஆள்காட்டி விரல் ஒன்றை மட்டுமே வைத்து வாசித்தார், பழைய தட்டைக் கம்பிகளை மாற்றவே மாட்டார். அந்தச் சத்தத்தை எந்த எண்ணில் எழுதுவது? மெக்கார்ட்னியே அவரைக் கேட்டுக் கற்றவர். ராக் பேஸ் பழகுகிறவர்கள் ராக் மட்டும் கேட்காமல் ஜேமர்சனையும் கேளுங்கள், அவர் வாசிப்பில் ஒரு நோட் எங்கே முடிகிறது என்பதை மட்டும் கவனியுங்கள்.

நான் இப்போதெல்லாம் ஒரு பாட்டை எடுத்தால் கிடைத்த டேப்பை அப்படியே வைத்துக்கொள்வதில்லை. கோடு போட்ட நோட்டுப் புத்தகத்தில் கையால் திரும்ப எழுதுகிறேன். எண்களுக்கு மேலே ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று பீட்டைக் குறிக்கிறேன், நடுவில் விழும் நோட்டுக்கு ஒரு கூட்டல் குறி. நீண்டு ஒலிக்க வேண்டிய நோட்டுக்குப் பின்னால் அது நிற்கிற இடம் வரைக்கும் பென்சிலால் ஒரு கோடு இழுக்கிறேன், கோடு நின்றால் சத்தமும் நின்றாக வேண்டும். எண்களுக்குக் கீழே வலது கை விரல், ஆள்காட்டிக்கு 'ஆ', நடுவிரலுக்கு 'ந'.

இந்த வாரம் பக்கத்தில் இருப்பது ஐயன் மெய்டனின் 'தி ட்ரூப்பர்', 1983. ஸ்டீவ் ஹாரிஸின் அந்தக் குதிரைப் பாய்ச்சல், பீட்டுக்கு மூன்று அடி, ஒன்று நீளம், இரண்டு குட்டை, பிக் கிடையாது, எல்லாம் விரல்தான். இரண்டு விரலை மாற்றி மாற்றி மூன்று அடி அடித்தால் முதல் பீட்டை ஆள்காட்டி தொடங்கும், அடுத்த பீட்டை நடுவிரல் தொடங்கும், ஆ ந ஆ, ந ஆ ந. நடுவிரல் தொடங்குகிற பீட்டில் அந்த முதல் அடி இன்னும் கொஞ்சம் மெலிந்துதான் வருகிறது. அதனால் இப்போதைக்கு ஒரே கம்பியில், ஒரே நோட்டில், பாதி வேகத்தில், 'ந'வில் ஆரம்பித்து மட்டும் வாசித்துக்கொண்டிருக்கிறேன். அது சமமானதும்தான் அடுத்த பார்.